மஞ்சள் பேடும் மாப்பிள்ளையின் காரும்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கொடி கட்டியிருக்கிறேன். போன வாரம் அதில் என் வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவே ஏழு வட்டப் பஞ்சுகள் கிளிப் போட்டுத் தொங்கின. ஒன்று மஞ்சள், இரண்டு வெள்ளை, ஒன்று ஆரஞ்சு, இரண்டு கறுப்பு, கடைசியாக ஆட்டுக்குட்டி மாதிரி ஒன்று. எதிர்வீட்டு அம்மணி தன் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், பாத்திரம் தேய்க்கிற பஞ்சா? இத்தனை பெருசா?" என்று கேட்டார்.

"காருக்குங்க" என்றேன்.

"ஒரு காருக்கு ஏழா?"

நியாயமான கேள்விதான். இதையே பழைய மில் நண்பர்கள் இரண்டு பேரும் போனில் கேட்டார்கள். "கார் பாலிஷ் போடறியாமே, அதைப் பத்தி எழுதேன்" என்றார்கள். எழுதலாம். ஆனால் எழுதினால் மாப்பிள்ளையின் பம்பர் கதையையும் எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். (இங்கே மாப்பிள்ளை என்பது என் மனைவியின் தம்பி. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். கீழே ஒரு கல்யாணமும் வருகிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: நான் கோவையில் ஒரு நூற்பாலையில் காட்டன் செலக்டராக 34 வருஷம் இருந்து 2015-ல் ஓய்வு பெற்றவன். செலக்டர் வேலை என்றால், மில் வாங்கப் போகும் பஞ்சை முன்கூட்டியே போய்ப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வது. குண்டூர், அடிலாபாத், ராஜ்கோட் என்று வருஷத்தில் பாதி நாள் ஜின்னிங் ஃபேக்டரி வாசல்களில் போகும். பேலிலிருந்து ஒரு பிடி பஞ்சைப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரலுக்கும் இடையே வைத்து இழுத்து, அடுக்கி, மறுபடி இழுத்து, இழைகளை ஒரே நேராக்கி, கறுப்புத் துணிமேல் வைத்துப் பார்ப்போம். நீளம் இத்தனை மில்லிமீட்டர் என்று கை சொல்லும். பிறகு ஹெச்.வி.ஐ. மெஷின் வந்தது. நீளம், பலம், மைக்ரோனேர் எல்லாம் அதுவே அச்சடித்துக் கொடுத்தது. வந்த புதிதில் எங்கள் கையையும் மெஷினையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மில்லில் ஒரு விளையாட்டு. நான் அதிகம் தோற்றதில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் அடுத்து வரப்போவது முழுக்க வெட்கம்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் நாளே ஒன்று சொன்னார். "தம்பி, சீட்டைப் படிக்காதே. முதல்ல பஞ்சைத் தொடு, அப்புறம் சீட்டைப் படி." குண்டூரில் ஒரு தடவை லாட் சீட்டில் எம்.சி.யூ. 5 என்று எழுதியிருந்தது. அது நீள இழைப் பஞ்சு. எங்களுக்கு ரொம்ப வேண்டிய ரகம். கையில் இழுத்தால் 30 மில்லிமீட்டரைத் தொடவில்லை. ஜின்னிங்காரர் சீட்டைக் காட்டி சத்தம் போட்டார். நான் எழுந்து ரயிலேறிவிட்டேன். அந்த வருஷம் அந்தப் பஞ்சை வாங்கிய வேறொரு மில் பட்ட பாடு பின்னால் தெரியவந்தது. இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மாப்பிள்ளையிடமே பத்து தடவை இருக்கும்.

நிற்க. காருக்கு வருகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் சாயங்காலம் என் காரைப் பார்த்தேன். சாய்ந்த வெயில் பானட்மேல் பட்டபோது அதில் சிலந்தி வலை மாதிரி ஆயிரம் கோடுகள். கழுவாமல் வந்த கோடுகள் இல்லை. துடைத்துத் துடைத்து வந்தவை. காலையில் வரும் பையன் ஒரே பக்கெட், ஒரே துணியில் தெருவிலுள்ள எட்டுக் காரையும் துடைப்பான். முதல் காரின் மண் எட்டாவது காருக்கு உப்புத்தாள். என் கார் ஆறாவது. கூடவே எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வட்டம் வட்டமாகத் திட்டு விழும். சிறுவாணித் தண்ணீரைக் காருக்கு ஊற்றினால் என் மனைவி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

டீட்டெய்லிங் கடையில் விலை கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, நாமே செய்யலாம் என்று முடிவு செய்தேன். ஓய்வு பெற்றவர்கள் எடுக்கும் முடிவுகளில் பாதி இப்படித்தான். காந்திபுரம் பக்கம் ஒரு மெஷினரி கடையில் ரோட்டரி பாலிஷர் வாங்கினேன். கூடவே ஒரு வெள்ளை ஸ்பாஞ்சு பேடும் ஒரு டப்பா காம்பவுண்டும் கடைக்காரரே கொடுத்தார். என் கார் வெள்ளை நிறம். வெள்ளைக் காரில் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. பளபளவென்று இருந்ததாக எனக்குப் பட்டது. தெருவில் நாலு பேர் பாராட்டினார்கள். அவ்வளவுதான், தலையில் ஏறிவிட்டது.

2019 ஆவணியில் மாப்பிள்ளையின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையிடம் ஒரு கறுப்புக் கார். நான்கு வருஷம் தவணை கட்டி, கடைசித் தவணையை அந்த ஆனி மாதம்தான் கட்டி முடித்திருந்தார். பொண்ணு மண்டபத்துக்கு அந்தக் காரில்தான் போகவேண்டும் என்பது அவருக்கு ஆசை. "வாடகைக்குப் பெரிய கார் எடுத்துக்கலாம்ப்பா" என்று மகள் சொல்லியும் கேட்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். "பாலிஷை நான் போட்டுத் தர்றேனுங்க மாப்பிள்ளை, கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன்" என்றேன். அவர் ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியை நான் அப்போது கவனிக்கவில்லை.

கறுப்புக் கார் என்பதால் புதுப் பேட் வாங்குவோம் என்று இணையத்தில் ஐந்து கலர் கொண்ட செட் ஒன்று வரவழைத்தேன். விலை மலிவு. பெயரில்லாத பிளாஸ்டிக் கவரில், எது எதற்கு என்று ஒரு வரிகூட எழுதாமல் வந்தது. டீட்டெய்லிங் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரின் நம்பர் என்னிடம் இருந்தது. நல்ல பையன், விலை கேட்கப் போனபோது பழக்கம். அவரைக் கூப்பிட்டு, "கறுப்புக் காருங்க தம்பி, மென்மையா ஒண்ணு போடணும், எந்தக் கலர் போடட்டும்?" என்றேன். அவர் பின்னால் மெஷின் சத்தம். "மஞ்சள் போடுங்க சார், மஞ்சள் ஃபைன், ஒண்ணும் ஆகாது" என்றார்.

மஞ்சளை எடுத்து மாட்டினேன். மென்மையான பேட்தானே என்ற தைரியத்தில் மூலைகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டவில்லை. பானட்டை முடித்தேன். நிழலில் நன்றாகத்தான் தெரிந்தது. முன் பம்பருக்கு வந்தேன். இடது மூலையில் ஒரு கீறல் இருந்தது. போகவில்லை. மென்மையான பேட் என்றால் கொஞ்சம் அழுத்தினால்தானே போகும்? அழுத்தினேன். வேகத்தைக் கூட்டினேன். மாப்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் சூடான வாசம் வந்தது. மெஷினை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் பேடின் முகத்தில் கறுப்பு.

இது தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதைய கார்களில் நிறப் பூச்சின் மேல் நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கிறது. நாம் பாலிஷ் போடுவது அதன்மேல்தான். பேடில் வெள்ளையாக மாவு வரலாம், காரின் நிறம் வரக்கூடாது. நிறம் வந்தால் கிளியர் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டோம் என்று அர்த்தம். அதைத் திரும்பப் பூசாமல் சரிசெய்ய வழியே இல்லை. அந்தக் கோட் எத்தனை கனம் தெரியுமா? பெரும்பாலும் 40, 50 மைக்ரான். ஒரு பஞ்சிழை 12-லிருந்து 20 மைக்ரான் பருமன். அதாவது மூன்று பஞ்சிழையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு காரின் பளபளப்பு முடிந்துபோனது. மூலைகளிலும் மடிப்புகளிலும் அதைவிட மெல்லியதாகவே இருக்கும். பம்பர் பிளாஸ்டிக் வேறு. இரும்பானால் சூட்டை இழுத்துப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் அங்கேயே வைத்துக்கொள்ளும். 34 வருஷம் இழையோடு வாழ்ந்தவன், மூன்று இழையைக் கணக்கில் எடுக்கவில்லை.

எட்டணா அளவு. அதைச் சுற்றி மங்கலாக ஒரு உள்ளங்கை அளவு.

மாப்பிள்ளை எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "பரவால்லைங்க மச்சான்" என்றார். காபி டம்ளரை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, "சின்னதுதானுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பெயின்ட் செலவை நான் தருகிறேன் என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா, இன்றுவரை தெரியாது. கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது, பெயின்ட் கடையில் நேரமில்லை. காரை வெயிலில் எடுத்தபோது பானட்டும் தன் லட்சணத்தைக் காட்டியது. நகர நகர கூடவே நகரும் பட்டை பட்டையான வளையங்கள். ஹாலோகிராம் என்பார்கள்.

கல்யாணத்தன்று காலையில் கார் மண்டப வாசலுக்கு வந்து நின்றது. பானட்டில் சம்பங்கி, ரோஜா. முன் பம்பரின் இடது மூலையில் மட்டும், வலது பக்கம் இல்லாத ஒரு பெரிய பூப்பந்து. பூக்காரரிடம் மாப்பிள்ளை தனியாகச் சொல்லி வைக்கச் சொல்லியிருக்கிறார். "ஏன் ஒரு பக்கம் மட்டும்?" என்று யாரோ கேட்டதற்கு, "திருஷ்டிக்குங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மோட்டார் சைக்கிளில்தான் வந்தார். மழையிலும். நான் பம்பரைப் பார்த்து வருத்தப்படக்கூடாது என்பதற்காக என்று என் மனைவி சொல்வாள். தம்பியை அக்கா விட்டுக்கொடுப்பாளா? நான் மறுபடி மெஷினை எடுத்துவிடுவேன் என்ற பயம் என்பது என் கணிப்பு.

கல்யாணம் முடிந்த வாரம் அந்த டீட்டெய்லிங் தம்பியைத் தேடிப் போனேன். கோபமாகத்தான் போனேன். அவர் தன் மஞ்சள் பேடை எடுத்து என் கையில் வைத்தார். நான் பையிலிருந்து என் மஞ்சளை எடுத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினேன். அவருடையது விரலுக்குக் கீழே பாதிக்கு மேல் இறங்கியது. என்னுடையது கட்டை மாதிரி நின்றது. ஒரு நொடிதான். என் கைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி, மஞ்சள்தான் இரண்டு. பேட் வந்த அன்றைக்கே அதைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்திருந்தால் போதும். நான் கலரைக் கேட்டேன். சீட்டைப் படித்தேன், பஞ்சைத் தொடவில்லை.

அந்தத் தம்பி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பேட் நிறத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி என்று ஒன்றும் கிடையாது. இத்தாலிக்காரர்களான ரூபெஸின் ஸ்பாஞ்சில் நீலம் கடினம், பச்சை நடுத்தரம், மஞ்சள் மென்மை, வெள்ளை அதனினும் மென்மை. அமெரிக்க லேக் கன்ட்ரியில் மஞ்சள் வெட்டும் பேட், ஆரஞ்சு அதற்கு அடுத்தது, வெள்ளை பாலிஷுக்கு, கறுப்பு கடைசி மெருகுக்கு. ரூபெஸின் நீலம் கடினம் என்று மனப்பாடம் செய்துகொண்டு த்ரீஎம் கடைக்குப் போனால் அங்கே நீலம் இருப்பதிலேயே மென்மை. ஆகவே யாராவது "எந்தக் கலர் போட்டீங்க?" என்று கேட்டால், எந்தக் கம்பெனி என்பதைச் சேர்த்துச் சொல்லாத பதில் பதிலே இல்லை.

அன்றிலிருந்து பேட் வாங்குவதை நான் பஞ்சு வாங்குவதைப் போலவே செய்கிறேன். பஞ்சில் நீளம், பருமன், பலம், தூசி என்று பார்ப்போம். பேடிலும் பார்க்க நாலு விஷயம் இருக்கிறது.

ஸ்பாஞ்சு பேட் என்றால் முதலில் கட்டைவிரலால் அழுத்துகிறேன். எவ்வளவு இறங்குகிறது, விட்டவுடன் எழுகிறதா, சோம்பலாக எழுகிறதா. இறங்காதது வெட்டும், இறங்குவது மெருகேற்றும். பிறகு வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார்க்கிறேன். பெரிய, திறந்த ஓட்டை என்றால் காற்று போய்வரும், சூடு அவ்வளவாக ஏறாது. பொடி ஓட்டையாக நெருங்கியிருந்தால் முகம் மழமழவென்று இருக்கும், கடைசிக் கட்டத்துக்கு ஆகும். பிறகு கன்னத்தில் வைத்துத் தேய்ப்பேன். இதைப் பார்த்துத்தான் என் பேரன் சிரிப்பான். சிரிக்கட்டும். சுவின் பஞ்சைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தவனுக்கு வேறு எதிலும் இவ்வளவு நுணுக்கமாகத் தெரியாது. உதடு, கன்னம் இரண்டும் என் விரலைவிட நுட்பமானவை. விரல்தான் வேலை செய்து காய்த்துப்போயிருக்கிறதே.

ஆட்டு ரோம பேட் எனக்கு ரொம்பப் பிடித்த சரக்கு. இது என் சொந்த ஊர் மாதிரி. இழை நீளம் பார்க்கலாம், முறுக்குப் பார்க்கலாம். முறுக்கேறிய ரோமம் நன்றாக வெட்டும், முறுக்கில்லாத ரோமம் அதைவிடச் சாது. நூலுக்கும் இதே நியாயம்தான். முறுக்கு ஏற ஏற நூல் விறைக்கும், துணி சொரசொரக்கும். ரோம பேட் வெட்டும் வேகத்துக்கு அது சூடாவது குறைவு, ஏனென்றால் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஆனால் போன வழியெல்லாம் தடம் போட்டுவிட்டுப் போகும். பின்னாலேயே ஸ்பாஞ்சு போட்டு அந்தத் தடத்தை எடுக்கவேண்டும். பழைய, தேய்ந்துபோன பெயின்டுக்கு இதுதான் முதல் ஆள். நல்ல காரில் தொடக்கூடத் தேவையில்லை.

மைக்ரோஃபைபர் பேடும் உண்டு. மெல்லிய ஸ்பாஞ்சின் மேல் துணி தைத்தாற்போல. நன்றாக வெட்டும், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு பாகத்துக்கும் சுத்தம் செய்யவேண்டும். எனக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை.

அளவு விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். பேட், பின்னால் இருக்கும் வெல்க்ரோ தட்டைவிட எல்லாப் பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 5 அங்குலத் தட்டுக்கு ஐந்தரை அல்லது 6 அங்குல பேட். சரிசமமாக இருந்தால் தட்டின் விளிம்பே காரில் இடிக்கும். பேடின் நடுவில் ஓட்டை இருந்தால் நல்லது. சூடு அங்கேதான் தங்கும். மூலை முடுக்குக்குத் தனியாக 3 அங்குலம் ஒன்று.

ரோட்டரியை அதற்குப் பிறகு நான் தொடவில்லை, விற்றுவிட்டேன். இப்போது வைத்திருப்பது டி.ஏ. மெஷின். அது சுழல்வதோடு ஆடவும் செய்யும், ஒரே இடத்தைத் தோண்டாது. என்னுடையதை ரொம்ப அழுத்தினால் சுற்றுவதையே நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். என்னைப் போன்றவர்களுக்கென்றே யாரோ செய்த மெஷின். தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்வேன்.

ஏழு ஏன் என்று கேட்ட அம்மணிக்கு வருகிறேன். ஒரு பேட் நாலு பாகம் ஓட்டினால் மருந்தைக் குடித்து ஊறி, சூடாகி, வேறு ஆளாகிவிடும். காலையில் கடினமாக இருந்தது மத்தியானம் தொளதொளவென்று இருக்கும். அதனால் மாற்றி மாற்றிப் போடவேண்டும். ஓய்வெடுக்கும் பேடை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டுக் கசக்கி நிழலில் காயவைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பின்னால் ஒட்டியிருக்கும் வெல்க்ரோவின் பசை விட்டுப்போகும். ஒன்று அப்படிப் போனது.

எந்த காராக இருந்தாலும், முதலில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி டேப் கட்டி, இருப்பதிலேயே மென்மையான பேடில் தொடங்குகிறேன். போகவில்லை என்றால்தான் அடுத்தது. மென்மையில் தொடங்கினால் நேரம் மட்டும்தான் நஷ்டம். நேரம் என்னிடம் நிறைய இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எழுதும்போதுதான் சிக்கல் வந்தது. கலர் எழுதினால் பிரயோஜனமில்லை. கடினம், நடுத்தரம், மென்மை என்று எழுதினால் யாருடைய கடினம்? பஞ்சுக்கு மில்லிமீட்டர் இருக்கிறது. பேடுக்கு நான் கடையில் கேட்டால், "சாஃப்ட்டு சார்" என்கிறார்கள். யோசித்துக்கொண்டே பேக்கரியில் டீ குடித்தபோது பதில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. கோயமுத்தூரில் பிறந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாத மூன்று: ரஸ்க், பன், கேக். அன்றே எல்லா பேடின் பின்பக்கத்திலும் மார்க்கரால் எழுதிவிட்டேன். என்னுடைய அந்த மஞ்சள், ரஸ்க். அதையும் தூக்கி எறியவில்லை. "மூலை கூடாது, பம்பர் கூடாது" என்று சேர்த்து எழுதியிருக்கிறேன்.

டீட்டெய்லிங் தம்பி ஒருநாள் வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தில், "வெள்ளை, இரண்டாவது. நேற்றைய பன். அழுத்தினால் பாதி இறங்கும், மெதுவாக எழும். கன்னத்தில் உறுத்தல் இல்லை" என்று இருந்தது. சிரித்தார். ஆனால் போட்டோ எடுத்துக்கொண்டார். இப்போது அவர் போனில் யாருக்கோ பேசும்போது, "ரஸ்க்கா பன்னாங்க, அழுத்திப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பதை என் காதாலேயே கேட்டேன். அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டிருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நானே கேட்டிருக்கலாமே என்று அடுத்த நிமிஷம் நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை 2021 தை மாதம் காரில் வந்தார். நோன்பு சாட்டியதற்கு அழைக்க வந்தவர், காரை உள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினார். பம்பருக்குப் பெயின்ட் அடித்திருந்தது. யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரிந்தது. புதுக் கறுப்பு ஒரு பங்கு ஆழம் கூட. நானாக ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவர், "பானட்டில அந்த வட்டமெல்லாம் வெயில்ல அப்படியே இருக்குதுங்க மச்சான். எடுக்க முடியுங்களா?" என்றார்.

என் மனைவி சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"பம்பரைத் தொடமாட்டேனுங்க" என்றேன்.

"தொடவேண்டாமுங்க" என்றார் உடனே. அவ்வளவு உடனே சொல்லியிருக்க வேண்டாம்.

காரைக் கழுவி, காயவைத்து, பம்பர், ஹெட்லைட், பானட்டின் நாலு ஓரம் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவர் திண்ணைக்குப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் பேட்களை வரிசையாகத் துண்டின்மேல் அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததைப் படித்தார். மஞ்சளை எடுத்தவர் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, துண்டுக்கு வெளியே தரையில் வைத்தார். பிறகு கறுப்பு ஒன்றை எடுத்து, எழுத்தைப் பார்க்காமல் கட்டைவிரலால் அழுத்தினார்.

"இது கேக்குங்களா மச்சான்?"

"கேக்குதானுங்க. இதிலேயே ஆரம்பிப்போம்."